நான்கு பிளாஸ்டிக் மூட்டுகளும் எங்கள் வாலிபால் அணியும்

தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று நான்கு மூட்டுகளின் மாதிரிகள் அடங்கிய பெட்டி. ஆளின் உண்மையான அளவிலேயே செய்யப்பட்டவை. எலும்புகள் பி.வி.சி. பிளாஸ்டிக், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டைகளான லிகமென்ட்கள் ரப்பர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்கி. மருத்துவ மாணவர்களையும் பிசியோதெரபி நிலையங்களையும் மனத்தில் வைத்துச் செய்த பொருள் இது. நான் இரண்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மதுரையில் ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், பேரம் பேசிய பிறகு ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். பள்ளியின் விளையாட்டுக் கணக்கில் பந்தும் வலையும் எழுதலாம், எலும்பு எழுத முடியாது. அதனால் பாதி என் கைக்காசு, மீதி எங்கள் உயிரியல் ஆசிரியையின் கைக்காசு. சொந்தப் பணம் போட்டவள் எழுதுவதால் இதில் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை.

எதற்காக வாங்கினேன் என்றால், வாலிபாலில் தாவி இறங்கும் பிள்ளைகளிடம் "முழங்காலை மடக்கி இறங்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகள் காலை வழிபாட்டு உறுதிமொழியைக் கேட்பதுபோல் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பந்துக்குக் காலை விறைத்துக்கொண்டு இறங்குவார்கள். ஏன் மடக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தால் மடக்குவார்கள் என்று நினைத்தேன். நினைத்தது பாதி நடந்தது. எலும்பையும் லிகமென்டையும் காட்டுவதில் இந்தப் பெட்டி உயர்தரம். அசைவைக் காட்டுவதற்கு வேண்டிய மற்ற இரண்டும், அதாவது தசையும் நரம்பும், இதில் இல்லை. அவற்றை வாங்குகிறவர்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நான்கில் சிறந்தது முழங்கை. மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியும், முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து அல்னா, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்புகள் மணிக்கட்டு வரை முழு நீளத்திலும் இருக்கின்றன. மடக்குவதற்கு ஓர் அச்சு, திருப்புவதற்கு வேறோர் அச்சு. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும்போது ரேடியஸ், அல்னாவின் குறுக்கே ஏறிப் படுத்துக்கொள்வது துல்லியமாகத் தெரிகிறது. பாடநூல் படத்தில் இது புரியாத பிள்ளைகள், மாதிரியை ஒருமுறை திருப்பிப் பார்த்ததும் தங்கள் முன்கையைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

தசைக்கு நான் செய்த ஏற்பாடு பழைய சைக்கிள் டியூப். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டால் போதும். ரேடியஸில் முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக ஒரு புடைப்பு உண்டு. மேற்கையின் முன்பக்கத்து பைசெப்ஸ் தசையை எலும்போடு பிணைக்கும் நாண் வந்து பிடிக்கும் இடம் அது. மலிவான மாதிரிகளில் அதை மழுப்பிவிடுவார்கள். இதில் சரியான இடத்தில், நூல் கட்டினால் நழுவாத அளவுக்கு எடுப்பாகச் செய்திருக்கிறார்கள். அங்கே டியூப்பைக் கட்டி, உள்ளங்கைப் பக்கம் கீழே பார்க்கும்படி வைத்துவிட்டு மேலே இழுத்தால் முழங்கை மடங்குகிறது. கூடவே ரேடியஸ் உருண்டு உள்ளங்கைப் பக்கம் மேலே திரும்புகிறது. பைசெப்ஸுக்கு மடக்குவது ஒரு வேலை, திருப்புவது இன்னொரு வேலை. வலக்கையால் திருகாணியை இறுக்கும்போது மேற்கையில் திரண்டு நிற்பது அந்தத் தசைதான் என்றதும், ஒரு பிள்ளை வகுப்புக் கதவின் தாழ்ப்பாள் திருகுகளை எல்லாம் இறுக்கிவிட்டாள். பள்ளிக்கு அது உபரி லாபம்.

பின்பக்கம் முழங்கை முனையில் இன்னொரு துண்டைக் கட்டினால் மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ். தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது என்பதை இந்த இரண்டு துண்டுகளும் சொல்லிவிடுகின்றன. மடக்க ஒன்று, நீட்ட ஒன்று. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்தால் மூட்டு விறைத்து நிற்கும். புதிதாகப் பந்தடிக்க வரும் பிள்ளையின் கை கட்டைபோல் இருப்பதற்கு இதுவும் காரணம். அவளிடம் பலம் குறைவு என்று பயிற்சியாளர்கள் டம்பெல்லைக் கொடுக்கிறார்கள். அவளுக்குத் தேவை, எதிர்த்தசையைச் சரியான நேரத்தில் தளர்த்தக் கற்றுக்கொள்வது.

இதே முழங்கையில் இன்னொரு சோதனையும் செய்தோம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சுருள்வில் தராசை இரவல் வாங்கி, முன்கையைக் கிடைமட்டமாக வைத்து, மணிக்கட்டு முனையில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டோம். பைசெப்ஸ் இருக்கும் இடத்தில் கயிறு கட்டித் தராசால் தூக்கிப் பிடித்தபோது முள் மூன்று கிலோவைத் தாண்டி நின்றது. தசைநாண் பிடிக்கும் இடம் மூட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, எடையோ அதைப்போல ஆறு மடங்கு தொலைவில். நெம்புகோல் கணக்கில் இது சுத்த நஷ்டம். "அப்படியென்றால் உடம்பைத் தப்பாகச் செய்துவிட்டார்களா டீச்சர்?" என்று கேட்டாள் ஒன்பதாம் வகுப்புக்காரி. நல்ல கேள்வி. விசையில் போனது வேகத்தில் திரும்பி வருகிறது. தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கும் நேரத்தில் கை ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வாலிபால் பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தான். அதை அடிக்கத் தேவை வேகம்தான். மூட்டை தூக்குகிறவருக்கு நஷ்டமான இந்த அமைப்பு, எறிகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் கொள்ளை லாபம்.

தோள் மாதிரியில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். பார்வைக்கு அழகு. தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, மேற்கை எலும்பின் மேற்பாதி எல்லாம் இருக்கின்றன. பந்துக்கிண்ண மூட்டு என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்தக் கிண்ணம் எவ்வளவு ஆழமற்றது என்பதை இதைப் பார்க்காமல் நம்ப முடியாது. தாம்பாளத்தைச் செங்குத்தாகப் பிடித்து அதில் தேங்காயை ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. விழாமல் காப்பது சுற்றியிருக்கும் ரப்பர் உறை. உயிருள்ள தோளில் அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்வது தோள்பட்டை எலும்பிலிருந்து வந்து பந்தை நாலாபுறமும் அணைக்கும் நான்கு சிறு தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்று வர்ணனையாளர்கள் சொல்வது இவற்றைத்தான். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் தோள் வலியால் விலகினார் என்று செய்தி வரும்போது பல நேரங்களில் இவை அடிபட்டிருக்கும். ஸ்மாஷ் அடிக்கும்போது கையை முன்னே வீசுவது மார்பிலும் முதுகிலும் இருக்கும் பெரிய தசைகள். பந்தைத் தொட்ட பிறகு அந்தக் கையை நிறுத்துவது பின்புறமிருக்கும் சிறிய தசைகள். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் கடினமான வேலை அவற்றுடையது. நம் பயிற்சிகளில் வீசுகிற தசைக்கு ஆயிரம் தண்டால், நிறுத்துகிற தசைக்கு ஒன்றுமில்லை.

மனத்தாங்கல் என்னவென்றால், தோள்பட்டை எலும்பைத் தாங்கியில் ஆணியடித்ததுபோல் திருகி வைத்திருக்கிறார்கள். அதனால் மாதிரியின் கை காதருகே வரை உயர்வதில்லை, முக்கால் வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது அதில் ஏறத்தாழ 120 டிகிரிதான் பந்துக்கிண்ண மூட்டில் நடக்கிறது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பே விலாவின் மேல் சறுக்கிச் சுழல்வதால் கிடைப்பது. பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரம். அதற்கு மேல் கையெட்ட வேண்டிய பிள்ளைக்கு அந்த 60 டிகிரிதான் உயிர்நாடி. அதைக் கொடுப்பது கழுத்திலிருந்து நடுமுதுகு வரை பரந்திருக்கும் ட்ரபீசியஸும், விலாவை அணைத்திருக்கும் செர்ரேட்டஸும் ஆகிய தசைகள். மாதிரியைச் செய்தவர்கள் எலும்பை ஒரு சுழலும் குமிழில் பொருத்தியிருந்தால் இதையும் காட்டியிருக்கலாம். நாங்கள் திருகைக் கழற்றி, ஒரு பிள்ளை தோள்பட்டை எலும்பைப் பிடித்துச் சுழற்ற, இன்னொருத்தி கையைத் தூக்க, இருவர் வேலையாக ஆக்கிக்கொண்டோம்.

ஆனால் தோள்பட்டை எலும்பின் பின்பக்கத்தில் அவர்கள் செய்திருக்கும் ஒரு நுணுக்கம் அந்தக் குறையைப் பாதி மன்னிக்க வைத்தது. அங்கே முள்போல் நீட்டியிருக்கும் பகுதியின் வெளி ஓரத்தில் ஒரு பள்ளம். அதன் வழியாகத்தான் ஒரு நரம்பு வளைந்து போய், கையை வெளிப்புறம் திருப்பும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசைக்குக் கட்டளை கொண்டுபோகிறது. பல ஆண்டுகள் ஸ்மாஷும் சர்வீஸும் அடிக்கும் வாலிபால்காரர்கள் சிலருக்கு, அந்த வளைவில் நரம்பு இழுபட்டும் நசுங்கியும் அடிக்கிற பக்கத்துத் தசை மெல்ல வற்றிப்போகும். பெரும்பாலும் வலி இருக்காது. சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்கிறவர்தான் பள்ளத்தைக் கண்டுபிடிப்பார். தசையில் ஒரு கோளாறும் இல்லை, எலும்பும் நலம், கட்டளை மட்டும் வந்து சேரவில்லை. நரம்பே இல்லாத இந்தப் பெட்டியில் நரம்பைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த ஒரே நுழைவாயில் அந்தச் சிறு பள்ளம். ஒரு சிவப்பு நூலை அதில் ஓட்டி ஒட்டிவைத்திருக்கிறேன்.

இடுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிண்ணம் ஆழம், பந்து உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கத்து லிகமென்ட் உடம்பிலேயே மிக வலுவானது. தொடையைப் பின்னால் கொண்டுபோனால் அது முறுக்கி இறுகுவதை ரப்பரில் நன்றாகவே பார்க்கலாம். என் பிள்ளைகள் இதில்தான் மிகக் குறைவாக ஆர்வம் காட்டினார்கள்.

முழங்கால்தான் நான் முதலில் தேடிப்போன பொருள். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, முழங்கால் சில்லு, இடையில் இரண்டு பிறைவடிவக் குருத்தெலும்புகள், உள்ளே ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இரண்டு லிகமென்ட்கள். தொடை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்தால் முன் குறுக்கு லிகமென்ட் விறைக்கிறது, பின்னால் தள்ளினால் பின்னது. ஏ.சி.எல். கிழிந்தது என்று விளையாட்டுப் பக்கங்களில் படிப்பது அந்த முன்னதுதான். கபடியில் பிடிபட்ட கால் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பினால் என்ன ஆகும் என்று முறுக்கிக் காட்டினேன். வகுப்பில் இரண்டு மூன்று முகங்கள் சுளித்தன. பாடம் ஏறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

சில்லின் மேலும் கீழும் தொடைத் தசையின் நாண் ரப்பர் பட்டையாக வந்திருக்கிறது. அதில் டியூப்பைக் கட்டி இழுத்தால் கால் நீள்கிறது. காலை ஏறக்குறைய நீட்டிய நிலையில் வைத்து இழுத்தால் இன்னொன்றும் நடக்கிறது. கீழ்க்கால் எலும்பு சற்றே முன்னால் வழுக்கி முன் லிகமென்டை இழுக்கிறது. தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங்குக்கு ஒரு துண்டைக் கட்டி அதையும் இழுத்தால் எலும்பு பழைய இடத்துக்கு வருகிறது. காலை நன்றாக மடக்கி வைத்துச் செய்தால் முன் வழுக்கலே இல்லை. "மடக்கி இறங்கு" என்பதற்கு இவ்வளவுதான் விளக்கம். ஏழாயிரத்தில் நாலாயிரம் இந்த ஒரு காட்சிக்கே தகும். பூப்படைந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு இந்த லிகமென்ட் கிழியும் ஆபத்து, அதே விளையாட்டை ஆடும் ஆண் பிள்ளைகளைவிட அதிகம். எங்கள் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

இங்கேதான் பெட்டியின் எல்லை முடிகிறது. மோதல் இல்லாமல், தாவி இறங்குவதிலேயே ஏ.சி.எல். கிழியும்போது, பாதம் தரையைத் தொட்ட பிறகு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குள் "ஐயோ, கால் திரும்புகிறதே" என்று மூளை உணர்ந்து தசையை இழுக்க முடியுமா? அடிக்கோலைப் பிடித்துப் பார்த்தோம். ஒருத்தி அடிக்கோலை விட, மற்றவள் விரல்களை மூடிப் பிடிக்க வேண்டும். அடிக்கோல் 20 சென்டிமீட்டர் விழுந்ததும் பிடித்தால், பிடிக்க ஆன நேரம் 0.2 நொடி. எங்கள் லிபரோ (பின்வரிசையில் தற்காப்புக்கென்றே ஆடுகிறவள்), அணியிலேயே சுறுசுறுப்பானவள், 15 சென்டிமீட்டரில் பிடித்தாள். கணக்குப் போட்டால் 0.17 நொடிக்குச் சற்று மேல். லிகமென்ட் கிழிய ஆகும் நேரத்தைப்போல மூன்று மடங்கு. சரி, மூளை வரை போகாமல் தண்டுவடத்திலேயே முடியும் அனிச்சை? சில்லுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதே, அதில் தசைக்குச் செய்தி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் வந்துவிடும். ஆனால் செய்தி வந்த பிறகு தசை பலம் திரட்டவும் நேரம் வேண்டும். அதுவும் தாமதம்தான்.

ஆகவே, தப்பிக்கிற கால், தரையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் இருக்கும்போது தசைகளை முறுக்கேற்றிக்கொண்டு வருகிறது. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி அளந்து பார்த்தவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மூளை, இறங்கப்போகும் தரையை முன்கூட்டியே கணித்துக் கட்டளையை அனுப்பிவிடுகிறது. அந்தக் கணிப்பு பயிற்சியால் மட்டுமே படியும். தாவி இறங்கும் பயிற்சிகளை முறையாகச் செய்த பெண்கள் கால்பந்து, ஹேண்ட்பால் அணிகளில் இந்தக் காயம் குறைந்திருக்கிறது. மாதிரியைப் பார்த்துப் புரிந்துகொண்ட என் பிள்ளைகளும் ஆட்டத்தில் உடனே மடக்கி இறங்கிவிடவில்லை. பெட்டியின் மேல் வாங்குகிறவர் வைக்கிற எதிர்பார்ப்பு இந்த அளவில் நிற்க வேண்டும். புரிய வைக்கும், பழக்கிவிடாது.

சைக்கிள் டியூப்பை நம்பி இன்னொரு தவறான எண்ணமும் பிள்ளைகளிடம் நுழையப் பார்த்தது. ரப்பர் இழுபட்டால்தான் திரும்ப இழுக்கும். தசை அப்படியல்ல. நரம்பு உத்தரவிட்டால் தானாகவே சுருங்கும். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிப் போவதால்தான் தசை சுருங்குகிறது என்பதை 1954-இல் ஹக்ஸ்லி என்ற பெயருடைய, ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர், தனித்தனிக் குழுக்களாக ஒரே இதழில் வெளியிட்டார்கள். இந்தத் தகவலை உயிரியல் ஆசிரியை சொன்னபோது பிள்ளைகள் தசையை மறந்துவிட்டு அந்த இருவர் சண்டை போட்டார்களா என்று கேட்டார்கள். ஆனால் தசைநாணுக்கு ரப்பர் மோசமான உதாரணம் இல்லை. சுவரில் சாக்பீஸ் குறி வைத்துப் பார்த்தோம். குந்திய நிலையில் சில நொடிகள் அசையாமல் இருந்துவிட்டு எம்பினால் ஓர் உயரம். நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து உடனே எம்பினால் அதைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதல். நீட்டப்பட்ட நாண் சேமித்ததைத் திருப்பித் தருவதும், தாழும்போதே தசை முறுக்கேறிவிடுவதும் சேர்ந்து தரும் உயரம் அது. ஸ்மாஷுக்கு ஓடிவரும் கடைசி இரண்டு எட்டுகளின் வேலையே இதுதான்.

பொருளின் தரம் பற்றி. பிரித்ததும் பெயின்ட் வாடை குமட்டியது, ஒரு வாரம் ஜன்னலோரம் வைக்க வேண்டியதாயிற்று. முழங்காலின் வெளிப்பக்க லிகமென்ட் பசை விட்டு வந்திருந்தது. கடைக்காரரிடம் சொன்னால், "நீங்கள் அழுத்தி இழுத்திருப்பீர்கள் மேடம்" என்றார். இழுத்துப் பார்க்கத்தானே இதைச் செய்திருக்கிறார்கள். செருப்புத் தைப்பவரிடம் பசை வாங்கி நானே ஒட்டிவிட்டேன், இன்றுவரை நிற்கிறது. உறுப்புகளின் பெயர்த்தாள் முழுக்க ஆங்கிலமும் லத்தீனும், அதிலும் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. தமிழில் எழுதி ஒட்டும் வேலையைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். தாங்கிகள் லேசானவை. மேசையில் வைத்து டியூப்பை இழுத்தால் தாங்கியும் சேர்ந்து வருகிறது, ஒரு செங்கல்லோடு சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கணுக்கால் இல்லாதது. வாலிபாலில் திடீரென்று நேரும் காயங்களில் முதலிடம் கணுக்கால் சுளுக்குக்கு. வலைக்கடியில் வந்த அடுத்தவள் பாதத்தின் மேல் இறங்கி, பாதம் உட்புறம் மடங்கி, வெளிப்பக்க லிகமென்ட் போகும். கபடியில் கேட்கவே வேண்டாம். விளையாட்டுக்காரர்களுக்கு விற்க நினைத்திருந்தால் இடுப்பை எடுத்துவிட்டுக் கணுக்காலை வைத்திருப்பார்கள். தனியாகக் கேட்டதற்குப் பாதத்தோடு சேர்ந்த மாதிரிக்கு முழுப் பெட்டி விலையில் பாதியைச் சொன்னார்கள். உயிரியல் ஆசிரியை அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்கிறார்.

பணம் குறைவாக இருப்பவர்கள் பெட்டியாக வாங்காமல் முழங்காலையும் முழங்கையையும் உதிரியாகக் கேளுங்கள், கொடுக்கிறார்கள். முழங்காலை வாங்கும் முன் கடையிலேயே கீழ்க்கால் எலும்பை முன்னும் பின்னும் இழுத்து, உள்ளே இரண்டு குறுக்கு லிகமென்ட்களும் மாறி மாறி விறைக்கின்றனவா என்று பாருங்கள். சிலவற்றில் அலங்காரத்துக்கு ஒரே பட்டையை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். முழங்கையில் ரேடியஸ் புடைப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சைக்கிள் டியூப் எந்தக் கடையிலும் சும்மாவே தருவார்கள்.